சம்பந்தமில்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு லேக் கார்டன்ஸ் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்கு உரியவரும், அரசு வங்கி ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துத் தலைமை மேலாளராக ஓய்வு பெற்றவருமான திருவேங்கடம், அவர் மனைவி ஜகதாம்பாள், அவர்களுடைய ஒரே மகளும், கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் திரைப்படம் எடுக்கக் கிளம்பியவளுமான ஸ்மிதா, அவளுடைய ஒளிப்பதிவாளன் ஜெயந்த், சுயாதீனத் திரைப்பட அங்கீகாரக் கழகத்தின் ஆய்வாளர் மதுவந்தி லாஹிரி, அதே கழகத்தின் வெயில் பொறுப்பாளர் பொலாய் மண்டல். வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களை இருந்தவர்கள் கணக்கில் சேர்க்க முடியாது.

வெயில் பொறுப்பாளர் என்றால் யார் என்று திருவேங்கடமும் கேட்டார். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் சொந்த முயற்சியில் படம் எடுக்கிறவர்களைக் காப்பாற்ற ஏற்பட்டது அந்தக் கழகம். காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அவர்கள் யாரென்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் அவர்கள் கழகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்ய வேண்டுமானால் தாங்கள் யாரையும் சார்ந்தவர்கள் இல்லை என்று கழகத்துக்கு நிரூபிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நகரத்தில் எந்தத் தியேட்டரும் படத்தைத் தொடாது. எந்தப் பட விழாவும் கதவைத் திறக்காது. ஸ்மிதாவின் குழுவில் இருந்தது நான்கு பேர். அந்த நான்கு பேருடைய சுதந்திரத்தைப் பாதுகாக்கக் கழகம் பதினோரு பேரை அனுப்பியது. விளக்கு எதுவும் வைக்காமல் இயற்கை வெளிச்சத்திலேயே படமெடுக்கப் போவதாக விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்ததால், வெயிலுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். படப்பிடிப்பு நடந்த கிடர்பூர் சந்துகளில் பொலாய் மண்டல் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெயில் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்திட்டார். மேகம் வந்தால், ‘முன்னறிவிப்பின்றி விடுப்பு’ என்று எழுதினார்.

"அவருக்கும் தெரியாம வெயில் வந்துடுத்துன்னா?" என்று திருவேங்கடம் மகளைக் கேட்டிருந்தார்.

"வந்த வெயிலை நாங்க யூஸ் பண்ணக் கூடாதுப்பா" என்றாள் ஸ்மிதா.

திருவேங்கடம் எதையும் எளிதில் நம்புகிற மனிதர் அல்ல. கடன் கேட்டு வந்தவர்களின் சிரிப்பை முப்பத்தாறு வருடம் பார்த்தவர். தாடி வைத்த ஜெயந்த் தன்னிடம் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்ப்பதை முதல் நாளே கவனித்தார். "சுவரைப் பார்த்துண்டு ‘மாமா, சௌக்கியமா’ங்கறவன் யாரா இருப்பான்?" என்று ஜகதாம்பாளிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சந்தேகப்பட்டது அந்தப் படத்தின் கதையை.

கதை என்ன என்று அவர் நேராகக் கேட்டதற்கு ஸ்மிதா, "ஒரு பொண்ணு. ஒரு நாள் வீட்டை விட்டுப் போறா. அவ்வளவுதாம்ப்பா" என்றிருந்தாள்.

"எந்த ஊர்ல?"

"கிடர்பூர்ல."

"எந்த வருஷம்?"

"எழுபத்தாறு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

திருவேங்கடத்துக்கு ஒரு தங்கை உண்டு. உண்டு என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பெயர் அலமு. அவர்களுடைய தகப்பனார் துரைசாமி, கிடர்பூரில் துறைமுக அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்தவர். சட்டைக் காலரில் ஒரு மடிப்பு பிசகினாலும் தெருவில் இறங்காதவர். எழுபத்தாறாம் வருடம் அலமு, சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஃபிட்டராக இருந்த சுகோமல் சர்க்கார் என்ற வங்காளியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாலாம் நாள், அவளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று துரைசாமி ஆங்கிலப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். அதைப் பத்திரிகை அலுவலகத்துக்கு எடுத்துப் போனது, அப்போது இருபத்தாறு வயதான திருவேங்கடம். ஹூக்ளி நதிக்கு இந்தக் கரையில் அண்ணனும் அந்தக் கரையில் தங்கையுமாக நாற்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டாவது பாலம் கட்டினார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவர் அந்தப் பாலத்தில் ஏறியதில்லை.

அந்தக் கதையை வெள்ளைத் திரையில் ஊரே பார்க்கப் போகிறது என்று அவர் சந்தேகித்துக் கலங்கியிருந்தபோதுதான், ஆய்வுக்கு மூன்று வாரம் முன்னால், ஸ்மிதா கழகத்தின் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘குடும்பத் தலைவரின் சார்பின்மை உறுதிமொழி’ என்று அதற்குப் பெயர். இந்தப் படத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இடம், உணவு, ஆலோசனை எதையும் நான் அளிக்கவில்லை. இது குறித்து நான் பெருமைப்படவும் இல்லை, இனிப் பெருமைப்படும் உத்தேசமும் இல்லை. கீழே கையெழுத்து.

திருவேங்கடம் இரண்டு முறை படித்தார். அவர் முகம் தெளிந்தது.

"இந்த நாட்டுல ஒழுங்கா யோசிக்கற ஆபீஸ் ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுண்டேன்" என்றார்.

"சைன் பண்ணிடுங்கோப்பா, ப்ளீஸ். மத்த எதையும் எழுத வேண்டாம்."

மற்ற எதையும் எழுத வேண்டாம் என்று சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? ‘குறிப்புகள்’ என்ற கட்டம் காலியாக இருக்கும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அவரைப் பொறுத்தவரை வேட்டியைக் கட்டாமல் வெளியே போவதற்குச் சமம். பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தில் மணிமணியாக எழுதினார்: ‘விண்ணப்பதாரர் இதே முகவரியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வசிக்கிறார். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. இது ஆதரவு அல்ல, வழக்கம்.’

அந்த மூன்று வரிதான் ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

மதுவந்தி லாஹிரி பருத்திப் புடவையும் பெரிய குங்குமப் பொட்டுமாகச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். வங்காளியில்தான் பேசினார், குரல் ரொம்ப இனிமை. அவர் கேட்கும் முன்பே ஜகதாம்பாள் டபராவில் காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் காபி உண்டு.

மதுவந்தி காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, "மாஷிமா, இதுபோலக் குழுவினருக்கும் கொடுப்பதுண்டா?" என்று கேட்டார்.

"கொடுக்காம? வயத்தைக் காயப் போட்டுண்டு நிக்கறதுகள். தயிர் சாதம் கலந்து அனுப்புவேன். எலுமிச்சங்கா ஊறுகா உண்டு" என்றாள் ஜகதாம்பாள், பாதி வங்காளியிலும் பாதி தமிழிலுமாக.

"எத்தனை நாள்?"

"ஷூட்டிங் எத்தனை நாளோ அத்தனை நாள். இந்த பொலாய்தாவைக் கேளுங்கோ, ரெண்டு தரம் வாங்கிப்பார்."

பொலாய் மண்டல் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மதுவந்தி எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: ‘ஜகதாம்பாள், இணைத் தயாரிப்பாளர்.’

"நான் என்ன தயாரிச்சேன்?" என்றாள் ஜகதாம்பாள் மலைத்துப்போய்.

"தயிர் சாதம்" என்றான் ஜெயந்த் சுவரைப் பார்த்தபடி.

அதன் பிறகு ஆய்வு திருவேங்கடத்தின் பக்கம் திரும்பியது. விண்ணப்பதாரருக்கு அவர் எப்போதாவது ஏதாவது வாங்கிக் கொடுத்ததுண்டா?

"எப்போதாவது என்றால்?"

"பிறந்ததிலிருந்து, மேஷோமொஷாய்" என்றார் மதுவந்தி, மாமா முறை வைத்து.

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். திருவேங்கடம் யோசித்தார். கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் பதில் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பள்ளிக்கூடம், புத்தகம், சைக்கிள், ரவீந்திர சங்கீத வகுப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "பதினோரு வயதில் கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். கண்ணாடி போட்டுவிட்டேன்" என்றார்.

மதுவந்தியின் பேனா நின்றது.

"அந்தக் கண்ணாடி வழியாகத்தான் இப்போதும் பார்க்கிறாரா?"

"பவர் மாறிவிட்டது. மாறும்போதெல்லாம் நான்தான் மாற்றிக் கொடுத்தேன்."

‘ஒளிப்பதிவு உபகரணம், தந்தை வழங்கியது, தொடர்ச்சியாக இருபத்து மூன்று வருடம்’ என்று பதிவாயிற்று. ஸ்மிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க ஒரு பொய் சொன்னா என்ன?"

"கண்ணாடி விஷயத்துல நான் எதுக்குடி பொய் சொல்லணும்?"

ஆய்வின் முடிவைக் கழகம் ஒரு வாரத்தில் தபாலில் தெரிவித்தது. விண்ணப்பதாரரின் சுயாதீனம் சந்தேகத்துக்கு உரியது. ஆயினும் கழகம் கலையின் நண்பன் என்பதால் ஒரு வாய்ப்பு அளிக்கிறது. நாற்பத்தொரு நாள் விண்ணப்பதாரர் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத இடத்தில் வசிக்க வேண்டும். தந்தையும் மகளும் நேரிலோ தொலைபேசியிலோ பேசக் கூடாது. இதைக் கண்காணிக்க, தற்போது படப்பிடிப்பு முடிந்து வெயிலில்லாமல் இருக்கும் பொலாய் மண்டல் நியமிக்கப்படுகிறார்.

"ஒரு ஃபிலிமுக்காக ஆத்தை விட்டுப் போவாளா?" என்று திருவேங்கடம் கேட்டபோது ஸ்மிதா பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷம்பா. நாலு வருஷமா இதுக்கு உழைச்சிருக்கேன். நாப்பத்தொரு நாள்ல என்ன ஆயிடப் போறது?"

அவளுடைய நாலு வருஷத்தை அவர் பக்கத்து அறையிலிருந்து பார்த்தவர்தான். காலேஜில் பாடம் எடுக்கும் வேலையை விட்டாள். இரண்டு தயாரிப்பாளர்கள் கதாநாயகிக்கு ஒரு நடனம் வைக்கச் சொன்னார்கள், எழுந்து வந்துவிட்டாள். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொண்டதில்லை.

நாற்பத்தொரு நாள் விரதம் மாதிரிதான் நடந்தது. காலையில் ஏரியைச் சுற்றி நடப்பது திருவேங்கடத்தின் வழக்கம். பன்னிரண்டாம் நாள், ரவீந்திர சரோவரின் படகுக் கிளப் பக்கம் எதிரே ஸ்மிதா வந்தாள். இளைத்திருந்தாள். அவளுக்குப் பத்தடி பின்னால் பொலாய் மண்டல் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்வைக்குத் தடையில்லை. கடந்து போகும்போது திருவேங்கடம் தன்னையறியாமல் செருமினார். பொலாய் அங்கேயே நாற்காலியை விரித்து உட்கார்ந்து எழுதினார்: ‘காலை 6.40. தந்தை இருமினார். ஆலோசனையாக இருக்கலாம்.’

வீட்டுக்கு வந்ததும் திருவேங்கடம் மனைவியைக் கேட்டார்.

"அவ எங்க தங்கியிருக்கா?"

ஜகதாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சம்பந்தமில்லாத இடத்துல."

"அதான் எங்கேன்னு கேட்டேன்."

"சாந்த்ராகாச்சில."



"அங்க யார் இருக்கா?"

"ஏன்னா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "கழகத்துல சம்பந்தமில்லாத எடம் வேணும்னா. நம்மளுக்குச் சம்பந்தமே இல்லைன்னு பேப்பர்ல போட்டு நிரூபிச்ச எடம் இந்த ஊர்ல வேற எது இருக்கு?"

"உனக்கு அந்த ஆத்தைத் தெரியுமா?"

"நீல கேட்டு. வாசல்ல ஒரு மாதுளை மரம்."

கேட்டின் நிறம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. வருடா வருடம் இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டு ஒரு ஜாடிதான் அலமாரியில் இருக்கும் கணக்கு அவருக்கு அன்றைக்குப் புரிந்தது. அவர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் பக்கம் திருப்பவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் டாலிகஞ்சில் கழகத்தின் அலுவலகத்தில் இறுதி விசாரணை நடந்தது. சுவரெல்லாம் சுயாதீனத் திரைப்பட மேதைகளின் படங்கள். எல்லாப் படங்களுக்கும் மாலை. நடுவில் தலைவர் நிருபம் ஹால்தார் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் சால்வை, அறையில் ஏசி. அவருக்கு இரு பக்கத்திலும் மதுவந்தியும் பொலாயும். எதிரே திருவேங்கடமும் ஸ்மிதாவும், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு. அந்த நாற்காலியும் விதியில் இருந்தது.

தலைவர் கண்களை மூடிக்கொண்டு பேசினார்.

"சுதந்திரம் மிக அபாயகரமான பொருள். கலைஞன் சுதந்திரமாக இருக்க வேண்டியவன்தான். ஆனால் எப்போது, எவ்வளவு, எந்த அறையில் என்பதை அவனே முடிவு செய்ய ஆரம்பித்தால் எங்களுக்கு என்ன வேலை? கடந்த ஆறு ஆண்டுகளில் நூற்று நாற்பது விண்ணப்பங்களைப் பரிசீலித்திருக்கிறோம். இரண்டே பேருக்குச் சான்றிதழ் தந்தோம். சான்றிதழ் கைக்கு வருவதற்குள் இருவருமே படம் எடுப்பதை விட்டுவிட்டார்கள். அவ்வளவு தூய்மை! என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வருடமாக ஒரே படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிக்கவில்லை. முடித்தால் யாராவது பார்ப்பார்கள். பார்வையாளனை நம்பியிருப்பதைக் காட்டிலும் கேவலமான அடிமைத்தனம் உண்டா?"

மதுவந்தி கண் கலங்கினார். பொலாய் கை தட்டினார்.

"அந்தப் படத்துக்குச் சான்றிதழ் உண்டா?" என்று திருவேங்கடம் கேட்டார்.

தலைவர் கண்ணைத் திறந்தார். "தலைவரின் படத்துக்கு எதற்கு?" என்றார்.

பிறகு ஒரு கோப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். பழுத்துப்போன பத்திரிகைத் துண்டு. மடித்த இடங்களில் பின்பக்கம் ஒட்டு போட்டிருந்தது.

"விண்ணப்பதாரர் தாம் தங்கிய வீட்டுக்கும் தம் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் கொடுத்தார். மொஷாய், நான் எத்தனையோ உறுதிமொழிகள் படித்திருக்கிறேன். இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். கேளுங்கள்: ‘துறைமுக அலுவலகம் துரைசாமியின் மகள் அலமு இன்று முதல் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்ல. அவளுக்கும் எங்களுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. அவளுடைய நன்மைக்கோ தீமைக்கோ நாங்கள் பொறுப்பாளிகள் அல்ல.’ ஆகா! ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பாசத்தின் நிழல்கூட விழாமல் எழுதியிருக்கிறார்கள். இதைக் கழகத்தின் நிரந்தரப் படிவமாக ஏற்பதென்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. எழுதிய மேதை யார் என்று தெரிந்தால் பாராட்டு விழா எடுக்கலாம்."

திருவேங்கடம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா எழுதியது. அவர் இப்போது இல்லை" என்றாள் ஸ்மிதா வங்காளியில்.

"இல்லை" என்றார் திருவேங்கடம், அவரும் வங்காளியிலேயே. "அப்பாவுக்கு அன்று கை நடுங்கியது. நான்தான் எழுதினேன்."

ஸ்மிதா திரும்பினாள். அவள் பார்வையை அவர் சந்திக்கவில்லை.

"அபூர்வம்!" என்றார் தலைவர். "அப்படியானால் இன்று உங்களுக்குச் சிரமமே இல்லை." புதுக் காகிதம் ஒன்று மேஜைமேல் நகர்ந்து வந்தது. அதே மூன்று வாக்கியங்கள்; துரைசாமி இருந்த இடத்தில் திருவேங்கடம், அலமு இருந்த இடத்தில் ஸ்மிதா. "கையெழுத்திட்டு இரண்டு நாளிதழ்களில் வெளியிட்டால் போதும். அன்று மாலையே சான்றிதழ்."

திருவேங்கடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். அதை எழுதியபோது ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணித் தேர்ந்தெடுத்தவர் அவர். அப்பா தோளில் தட்டிக் கொடுத்ததும் நினைவிருந்தது. படித்து முடித்துவிட்டு மகளிடம் தமிழில் கேட்டார்.

"இந்தத் துண்டு உனக்கு எங்கே கெடச்சது?"

"அத்தை வச்சிருந்தா. ரேஷன் கார்டு, கல்யாண சர்ட்டிபிகேட்டோட சேத்து ஒரு கவர்ல." ஸ்மிதா அந்த ஒட்டுகளைக் காட்டினாள். "கிழியக் கிழிய ஒட்டி வச்சிருக்காப்பா."

"எதுக்கு வச்சிருக்காளாம்?"

"அவ பேர் நம்மாத்துப் பேரோட சேந்து அச்சாகியிருக்கற காகிதம் அது ஒண்ணுதானாம்."

திருவேங்கடம் பேனாவைத் திறந்தார். தலைவர் திருப்தியாகச் சால்வையைச் சரிசெய்துகொண்டார். ‘குறிப்புகள்’ என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. அவர் ஓரத்தில் ஸ்கேல் வைத்ததுபோல் நாலு கோடு இழுத்து ஒரு கட்டம் போட்டார். அதற்குள் எழுதினார்: ‘மேலே கண்டது பொய். விண்ணப்பதாரர் என் மகள். 1976-இல் வெளியானதும் பொய். அதில் கண்டவர் என் தங்கை.’ கீழே முழுக் கையெழுத்து, தேதி.

தலைவர் படித்தார். சால்வை நழுவியது.

"மொஷாய், உங்கள் மகளின் எதிர்காலத்தை நீங்களே அழிக்கிறீர்கள்!"

"என் குடும்பத்தில் யார் உண்டு, யார் இல்லை என்று எழுதிக் கேட்க நீங்கள் யார்?" என்றார் திருவேங்கடம். "அதை ஒரு தடவை நான் தப்பாக எழுதினேன். என் கீழ் வேலை பார்த்த எந்த குமாஸ்தாவையும், அதே தப்பை இரண்டாவது தடவை செய்தால் நான் மன்னித்ததில்லை."

ஸ்மிதா அழுவாள் என்று மதுவந்தி எதிர்பார்த்துத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். நாலு வருட உழைப்பு அந்தக் கட்டத்துக்குள் போய்விட்டது. அவள் எழுந்து, நடுவிலிருந்த காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பொலாய் மண்டல் பதிவேட்டைத் திறந்தார். எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல் மூடினார்.

கழகத்தின் தீர்ப்பு பத்து நாளில் வந்தது. தந்தை, தாய், அத்தை ஆகிய மூவரின் தொடர்பும் எழுத்துமூலம் நிரூபணமாகிவிட்டதால் இது சுயாதீனத் திரைப்படம் அல்ல. திருமணம், சீமந்தம், பூணூல் ஆகியவற்றின் வீடியோக்களோடு சேர்த்து ‘குடும்ப நிகழ்ச்சிப் பதிவு’ என வகைப்படுத்தப்படுகிறது. எந்தத் தியேட்டரிலும், எந்த விழாவிலும் திரையிட அனுமதி கிடையாது.

ஸ்மிதா கடிதத்தை மேஜைமேல் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திருவேங்கடம் அதை எடுத்து, வழக்கம்போல் இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். பிறகு கதவைத் தட்டினார்.

"ஸ்மிதா, தியேட்டர்லயும் விழாவுலயும் கூடாதுன்னுதான் போட்டிருக்கான். கல்யாண மண்டபத்துல கூடாதுன்னு போடலை."

கதவு திறந்தது.

"குடும்ப நிகழ்ச்சின்னு அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டான். குடும்ப நிகழ்ச்சியை எங்க நடத்துவா?" என்றார் அவர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் படத்துல, பேப்பர் ஆபீசுக்கு அண்ணன் எடுத்துண்டு போறதோட நிறுத்திட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"எழுதினதையும் காட்டணும். இல்லேன்னா தப்பு எங்கப்பா தலைல விழும்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கையை மட்டும் எடுத்துக்கோ" என்றார்.

மறுநாள் காலை ஜெயந்த் கேமராவோடு வந்தான். கூடத்து மேஜையில் உட்கார்ந்து திருவேங்கடம் அந்த மூன்று வாக்கியங்களைத் திரும்ப எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் பேனா நின்றது. ஜெயந்த் ‘கட்’ சொல்லவில்லை. அதிகாரப்பூர்வமாக வெயிலுக்குக் கையெழுத்திட யாரும் வரவில்லை. வெயில் தானே வந்து மேஜைமேல் விழுந்தது. முதன்முதலாக ஜெயந்த் அவர் முகத்தைப் பார்த்து, "போதும் மாமா" என்றான்.

மஞ்சள் தடவிய அழைப்பிதழ் அச்சாயிற்று. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி, ‘எங்கள் குமாரத்தி சௌபாக்கியவதி ஸ்மிதா எடுத்த சினிமாவைக் காணச் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து’ என்று போனது. பையனில்லாத பத்திரிகையைப் பார்த்து அச்சகத்தார் இரண்டு முறை போன் செய்து சந்தேகம் கேட்டார். ரவீந்திர சரோவர் பக்கம் தமிழர்கள் கல்யாணம் நடத்தும் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை திரை கட்டினார்கள். நூற்றறுபது பேர் வந்தார்கள். கழகத்திலிருந்து மதுவந்தியும் பொலாயும், தாங்கள் வரவில்லை என்று பதிவு செய்யும் பொருட்டு வந்தார்கள். சாப்பாட்டில் பொலாய் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தார்.

படத்தில் அண்ணனின் முகம் ஓரிடத்திலும் காட்டப்படவில்லை, முதுகும் கையும்தான். அது மரியாதையா தண்டனையா என்று திருவேங்கடம் மகளைக் கேட்கவில்லை. கை எழுதுகிற இடம் வந்தபோது மண்டபத்தில் ஒருவர் கூட இருமவில்லை. விளக்குப் போட்டதும் அவர் எழுந்து வாசலுக்குப் போய், வந்தவர்களைச் சாப்பிட அழைத்தார். முதுகு எப்போதும்போல் நேராகத்தான் இருந்தது.

அன்று கடைசி வரிசையில் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் அலமுதான் என்றும், படம் முடிந்ததும் அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றும் லேக் கார்டன்ஸிலும் அதற்கு அப்பாலும் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. அந்த அம்மாள் மண்டபக்காரரின் மாமியார். அலமு வரவில்லை. அவளுடைய அழைப்பிதழை, முறைப்படி தட்டில் குங்குமமும் வெற்றிலை பாக்கும் வைத்து, திருவேங்கடமே பாலம் தாண்டி எடுத்துக்கொண்டு போனார். அவள் அதை வாசலில் வாங்கிக்கொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.